அணியப் பெட்டி

மழை விட்டு மூன்று நாளாகியிருந்தது. ஆயினும், தோணியை மூடியிருந்த தறப்பாளின் ஓரத்தை ஒரு சாண் உயர்த்தி நல்லரத்தினம் உள்ளே பார்த்தபோது, அதன் அடிப்புறம் முழுவதும் நீர் துளித்து நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு துளி பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனத்து உள்ளே விழுந்தது. விழுந்த இருளிலிருந்து, நனைந்து காயாத சாக்கின் மணம் எழுந்து வந்தது.

"திறக்காதங்க."

பின்னால் அவருடைய மனைவி சின்னத்தங்கம் நின்றாள். கையில் வாளி இருந்தது. கிணற்றடிக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறாள்.

"திறக்கல்ல. பாத்தன்."

"பாக்கிறதும் திறக்கிறதும் ஒண்டுதான்."

"உள்ளுக்குத் தண்ணி நிக்குது தங்கம். மேலால எங்கயோ ஒழுகுது போல."

"ஒழுகினா மேல இன்னொண்டு போடுவம்."

சொன்னபடியே, அன்று பொழுதுசாய முன்னர், நெல் காயப்போடுவதற்கென்று வைத்திருந்த பெரிய நீலத் தறப்பாளைக் கொண்டுவந்து முதலாவதன் மேல் விரித்தாள். ஓரங்களை நிலம் வரை இழுத்து, மண் நிரப்பிய உரப்பைகளை வரிசையாக வைத்து அழுத்தினாள். கயிற்றையும் அவளே கட்டினாள். நெல் மூடையின் வாயைக் கட்டும் முடிச்சு அது. வாவியில் மீன்பிடித் தொழில் செய்கிற எவரும் தோணியில் அந்த முடிச்சைப் போடுவதில்லை. நல்லரத்தினம் பூவரச மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்குப் போகவுமில்லை, தடுக்கவுமில்லை.

தோணி அவர்களுடைய மகன் ஜெயரூபனுடையது. ஜெயரூபன் கார்த்திகை மாதத் தொடக்கத்தில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். வயது இருபத்தேழு.

காய்ச்சல் தொடங்கிய நாளை சின்னத்தங்கம் மணிக்கணக்கில் அறிவாள். அன்று பகல் அவன் வழமையைவிட வெள்ளன வாவியிலிருந்து திரும்பினான். பழுகாமம் ஊரில் அவர்களுடைய வீட்டு வளவு வாவியை நோக்கிச் சரிந்து இறங்குவது. தோணி கரையேறுவதைக் குசினியிலிருந்தே காணலாம். அவன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, தோணியின் முன்முனையாகிய அணியத்தில் இருந்த சிறு பெட்டிக்குள் திணித்தான். பிறகு வெறும் மேலோடு நடந்து வந்து, "மேலெல்லாம் உளையுதம்மா, நாளைக்குத் தோச்சுக்கலாம்" என்றான். ஏழாம் நாள் ஆசுபத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தார்கள்.

அவன் போன எட்டாம் நாள் சடங்கன்று, முறைப்படி, இறந்தவன் உடுத்த, படுத்த, போர்த்த அனைத்தையும் பெண்கள் எடுத்துக் கிணற்றடியில் குவித்தார்கள். சாவுத் தீட்டாகிய துடக்குக் கழிய வேண்டுமானால் வீட்டிலுள்ள ஒரு துண்டுச் சீலைகூடக் கழுவாமல் இருக்கக் கூடாது. முன்னின்று செய்வித்தவள் சின்னத்தங்கம்தான். "தலகணி உறையையும் கழட்டுங்க, சாறத்த மறந்துராதங்க" என்று அவளுடைய குரல்தான் வளவெங்கும் கேட்டது. சொந்தக்காரப் பெண்கள் அவளுடைய திடத்தைக் கண்டு வியந்தார்கள். மாலையில் எல்லோரும் போன பின்னர், காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தவள், மகனுடைய தலையணை உறையை எடுத்து முகத்தில் பொத்தினாள். துவைத்த சவர்க்காரம் மணந்தது. போர்வையை எடுத்தாள். சவர்க்காரம். சாறம், துவாய், கோயிலுக்கு உடுக்கும் வேட்டி: எல்லாவற்றிலும் அதே சவர்க்காரம். மகனுடைய மணத்தைத் தானே நின்று, ஒன்று விடாமல், கழுவித் தீர்த்துவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

மறுநாள் காலையில் அணியப் பெட்டி அவளுடைய நினைவுக்கு வந்தது.

அந்தப் பெட்டியின் மூடியை ஜெயரூபன் ஒருபோதும் முழுதாக மூடமாட்டான். மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் காற்றுப் போவதற்காக ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டைச் செருகி வைப்பான். சின்னத்தங்கம் அந்தத் துண்டை எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினாள். சட்டை சுருட்டினபடியே கிடந்தது. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. குனிந்தாள். வியர்வை, வாவிச் சேறு, தலைக்கு வைக்கிற எண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில் பெயர் சொல்ல முடியாத இன்னொன்று. அவன் பிறந்து தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் அறிந்தது.

அதை அவள் கையில் எடுக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனால் கழுவ வேண்டும். கழுவாமல் வைத்திருப்பது முறையில்லை. தோணி வீடல்ல. தோணிக்குள் இருக்கும் வரை அந்தச் சட்டையை எவரும் கழுவச் சொல்ல முடியாது. ஆண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்தன்று, படையலில் வைப்பதற்காக மட்டும் அதை வெளியே எடுப்பது என்றும், அதுவரை அந்த மணம் ஒரு மூச்சளவும் வெளியே போகக் கூடாது என்றும் அவள் தீர்மானித்தாள். மூடியை அழுத்தி மூடினாள். சிரட்டைத் துண்டைச் சேலை முடிச்சில் செருகிக்கொண்டு வந்து சாமித் தட்டின் கீழ்த் தட்டில் வைத்தாள். அன்றே தோணியைத் தறப்பாளால் மூடினாள்.

சட்டையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆட்டை முடியும் மட்டும் பிள்ளைட தோணிய ஆரும் தொடக்கூடாது."

அவர் தலையசைத்தார். அதை ஒரு நேர்த்திக்கடன் என்றே அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வைக்கும் நேர்த்தியை ஏனென்று கேட்பது எப்படி?

ஆனால் நல்லரத்தினத்துக்கு மரம் தெரியும். வயலுக்கு வயலும் வாவிக்கு வாவியுமாக வாழ்ந்தவர். இந்தத் தோணி மகன் மூன்று வருடம் உழைத்துச் சேர்த்த காசில் செய்தது என்பதும் தெரியும். பலகைத் தோணி அது. ஜெயரூபன் பலகைகளைத் தானே தேர்ந்து வாங்கி, காத்தான்குடியிலிருந்து நௌஷாட்டைக் கூட்டிவந்து வெளிப்புறம் முழுவதும் பைபர் ஒட்டுவித்தான். ஒட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு பகலும், கரையேறியதும், பழைய துவாயால் உட்புறத்தை மூலைமுடுக்கெல்லாம் துடைத்து உலர்த்திய பிறகே சோற்றுக்கு வருவான். "உனக்குக் கலியாணம் கட்டி வெச்சா பொண்டாட்டிய இப்பிடிப் பாப்பியா?" என்று தகப்பன் கேலி செய்ததுண்டு. "பொண்டாட்டி தானே குளிச்சுத் துடைச்சுக்கும் அப்பா" என்பான். அந்தத் தோணிக்குள் இப்போது துளி துளியாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

நௌஷாட் மார்கழி நடுவில் அயலிலுள்ள ஒருவரின் தோணியைத் திருத்துவதற்காகப் பழுகாமத்துக்கு வந்தான். சின்னத்தங்கம் பகலில் தூங்கும் நேரம் பார்த்து நல்லரத்தினம் அவனைக் கூட்டிவந்தார். மகன் போனதிலிருந்து இராத்திரியில் அவளுக்குத் தூக்கமில்லை. சமைத்து, அவருக்குப் போட்டு, தானும் இரண்டு வாய் தின்ற பிறகு, பகலில் இரண்டு மணித்தியாலம் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவாள்.

"என்ன அண்ணே இது, தோணியா? வைக்கல் போருக்கு மூடி கட்டினாப்போல இரிக்கி" என்றான் நௌஷாட்.

"மெல்லப் பேசுகா. உள்ள படுத்திருக்கா."

நௌஷாட் குரலைத் தாழ்த்தினான். இரண்டு மண் பைகளை நகர்த்தி, ஒரு மூலையை உயர்த்தி, தலையை உள்ளே விட்டான். வெளியே எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"அல்லாவே. ரெண்டு தறப்பாள், நிலத்தோட நிலமா. அதுக்கு மேல மண்மூடை வேற. அண்ணே, நீங்க தோணிய மூடல்ல. அவிக்கிறீங்க."

"என்னகா சொல்றாய்?"

"பிட்டுப் பானையக் காணல்லையா நீங்க? கீழ ஈர மண். பகல் வெயிலுக்கு அதில இருந்து ஆவி எழும்புது. வெளிய போக வழியில்ல. விடியப்புறம் தறப்பாள் குளிர்ந்தோடன தண்ணியாகித் திரும்ப உள்ளுக்கே விழுது. இதுக்கு மழை வேணாம் அண்ணே. இது தன்ட மழையத் தானே பெய்யுது."

"நாலு வருசம் வாவித் தண்ணிக்குள்ளதானே கிடந்த? அப்ப ஒண்டும் ஆகல்லையே."

"அது உப்புத் தண்ணி. உப்பு பலகைய லேசில உக்க விடாது. இது ஆவித் தண்ணி, நல்ல தண்ணி. பூஞ்சணத்துக்கு இதுதான் பால்."

நௌஷாட் விரல் முட்டிகளால் தோணியின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே நடந்தான். நடுப்பகுதியில் 'டக் டக்' என்று தெளிந்த ஒலி வந்தது. அணியத்தை நெருங்க நெருங்க அந்த ஒலி மந்தமாகி, ஈரச் சுவரைத் தட்டுவது போல ஆனது. அவன் அந்த இடத்திலேயே சற்று நேரம் கையை வைத்திருந்தான்.

"இன்னும் போகல்ல. இப்பிடியே விட்டா மாசிக்குள்ள போயிரும். வெளிய பைபர் இருக்கிறதால பாக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்குப் பலகை பிட்டு மாதிரி உதிரும்."

"என்ன செய்யலாம்?"

"நீட்டுக்கு நடுவால ஒரு கம்பக் கட்டுங்க, கூரை முகடு மாதிரி. தறப்பாள் அதில ஏறி ரெண்டு பக்கமும் சரிஞ்சு நிக்கணும். மேல ஒரு சிரட்டைத் தண்ணிகூடத் தேங்கக்கூடாது. முன்னும் பின்னும் திறந்து கிடக்கட்டும், வாடைக் காத்து ஒரு பக்கத்தால வந்து மத்தப் பக்கத்தால போகும். தண்ணி வடியிறதுக்குப் பின் தக்கையக் கழட்டிப்போட்டு, அணியத்தக் கொஞ்சம் உசத்தி வைங்க. அவ்வளவுதான். பெரிய வேலையில்ல."

"கம்பு கட்டினா அவ கண்டிருவா."

"காணட்டுமே?"

"ஏலாதுகா."

நௌஷாட் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப பகல்ல அவங்க படுக்கிற நேரமாவது திறந்து விடுங்க, வெயில் படட்டும். அணியப் பெட்டிய மறந்துராதங்க. மூடின பெட்டிதான் முதல்ல உக்கும். சிரட்டைக் கரியச் சாக்குத் துண்டில கட்டி உள்ளுக்கு வைங்க. கரி ஈரத்தயும் குடிக்கும், நாத்தத்தயும் குடிக்கும்." பிறகு நினைவு வந்தவனாக, "மூடிக்குக் கீழ ஒரு சிரட்டைத் துண்டு வெப்பானே அவன்? அதெங்க?" என்றான்.

"காணல்ல."

"எனக்கே பாடம் எடுப்பான் அண்ணே. 'நௌஷாட் காக்கா, நீங்க ஒட்டத்தான் சரி, வெச்சிருக்கத் தெரியாது' எண்டு சொல்லுவான்." நௌஷாட் சிரிக்கத் தொடங்கி, அது பாதியில் நின்றுபோக, போய்விட்டான்.

அன்று முதல் நல்லரத்தினத்துக்கு ஒரு வேலை வந்தது. மனைவியின் மூச்சு சீராகும் வரை கதவோரம் நின்று கேட்பார். பிறகு வளவின் சரிவில் இறங்கி, மண் பைகளைச் சத்தமில்லாமல் நகர்த்தி, முடிச்சுகளை அவிழ்த்து, இரண்டு தறப்பாள்களையும் வாவிப் பக்கமாகச் சுருட்டிவிடுவார். மகனுடைய பழைய துவாய் சடங்கன்று கழுவப்பட்டுவிட்டதால் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். முதலில் பலகைகளின் இடுக்கு, பிறகு குறுக்குச் சட்டங்களின் அடிப்பக்கம், பிறகு மூலைகள். மகன் எந்த ஒழுங்கில் துடைப்பானோ அதே ஒழுங்கு. அதைத் தான் இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருந்தது அவருக்கே தெரியாமலிருந்தது. எல்லாவற்றையும்விடக் கடினமாயிருந்தது முடிச்சு. தோணிக்காரன் கை தன் போக்கில் வேறொரு முடிச்சைப் போட்டுவிடும். அதை அவிழ்த்து, அவளுடைய நெல்மூடை முடிச்சை நினைவுகூர்ந்து மறுபடி போட வேண்டும். சிலநாள் ஒரே கயிற்றை மூன்று தடவை கட்டினார்.

நான்காம் நாள் அணியப் பெட்டியைத் திறந்தார்.

மூடி விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி நுனியை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே சட்டை கிடந்தது. மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. கழுத்துப் பட்டியில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ முளைத்திருந்தது. அவர் அதைத் தூக்கியபோது, இவ்வளவு நாளும் ஈரத்திலேயே கிடந்த துணியின் கனம் கையில் தெரிந்தது. மகன் தன் சட்டையை இங்கே மறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான், அதை யாருமே எடுக்கவில்லை என்றுதான் அவர் நினைத்தார். முகத்தருகே கொண்டுபோக அவருக்குத் துணிவு வரவில்லை. கையை எட்டத்தில் நீட்டிப் பிடித்தபடியே, பூஞ்சணத்தைத் தென்னந் தும்பால் மெல்லத் தட்டி உதிர்த்தார். உட்புறம் வெளியாகத் திருப்பி, தோணியின் விளிம்பில், வெயில் படும்படி விரித்தார்.

தொடர்ந்து நான்கு பகல்கள் அப்படிக் காயவிட்டார். ஐந்தாம் பகல் அது மொரமொரவென்று உலர்ந்திருந்தது. கறுப்புப் புள்ளிகள் மங்கி, கவனித்துப் பார்த்தாலன்றித் தெரியாதவாறு ஆகியிருந்தன. அதைச் சுருட்டி, முன்பு கிடந்தபடியே, நௌஷாட் சொன்ன கரிப் பொட்டலத்தோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்தார். மூடினார். வீட்டுக்கு ஏறி வரும்போது, ஆசுபத்திரி வாசலில் நாட்கணக்கில் ஒன்றும் செய்ய இயலாமல் நின்ற பிறகு, பிள்ளைக்காகத் தன் கையால் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு உண்டானது. அன்று இராத்திரி அவர் இரண்டாம் முறை சோறு கேட்டார். சின்னத்தங்கம் வியப்போடு போட்டாள்.

அந்த வருடம் அவர்களுடைய வாசலில் பொங்கல் பானை வைக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் மழை மறுபடி பிடித்தது. வெல்லாவெளிப் பக்கம் அவர்களுடைய வயல் இருந்த வட்டையில் வரம்பு உடைத்துக்கொண்டு நீர் பாய, கதிர் முற்றும் பருவத்துப் பயிரைக் காப்பாற்ற நல்லரத்தினம் அங்கேயே காவல் குடிசையான வாடியில் தங்கினார். எட்டு நாள். வீட்டில் இருந்த நாட்களில், முகட்டுக் கம்பு இல்லாததால் தறப்பாளின் நடுவில் குழிந்து தேங்கும் நீரை அவர் பகலில் சட்டியால் மொண்டு ஊற்றுவார். இப்போது அதைச் செய்ய ஆளில்லை. வெயிலில்லாத நாட்கள் என்பதால் உள்ளே ஆவி மட்டும் எழும்பவில்லை. சின்னத்தங்கம் தோணிப் பக்கம் போகவில்லை. போனால் பெட்டியைத் திறந்துவிடுவோமோ என்று தன்னைத் தானே அஞ்சினாள்.

ஒன்பதாம் நாள் பகல், அவள் படுக்கப் போன நேரத்தில், வேலிப் படலையடியில் ஆள் அரவம் கேட்டது. சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். ஊரில் மூன்று பேருக்குக் காய்ச்சல். வீடு வீடாகப் பார்க்கிறார்கள். பரிசோதகர் இளம் வயதினர், இந்தப் பகுதிக்குப் புதியவர். கிணற்றடி, பூச்சட்டி, மழைநீர் ஓடும் ஓட்டுப் பீலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கியவர் தோணியருகே நின்றார். தறப்பாளின் நடுவே ஒரு பாய் அளவுக்கு நீர் தேங்கியிருந்தது. பூவரசின் பழுத்த இலைகள் மிதந்தன.

"இது ஆர்ட தோணி அம்மா?"

"மகன்ட."

"மகனக் கொஞ்சம் கூப்பிடுங்க."

சங்கத்துப் பெண்களில் ஒருத்தி அவருடைய கையைத் தொட முயன்றாள். அவர் கவனிக்கவில்லை.

"என்னட்டச் சொல்லுங்க தம்பி" என்றாள் சின்னத்தங்கம்.

அவர் கரண்டியால் நீரை அள்ளி ஒரு வெள்ளைக் கோப்பைக்குள் ஊற்றி அவளிடம் நீட்டினார். தெளிந்த நீர். அதற்குள் மயிர்த்துண்டுகள் போல ஏதோ சுருண்டு சுருண்டு மேலேறின. மறுகணம் கீழே போயின.

"குடம்பி, நுளம்புட புழு. இன்னும் ரெண்டு நாள் விட்டா எல்லாம் நுளம்பாகிப் பறந்திரும். டெங்கு வந்தா என்ன நடக்கும் எண்டு தெரியுமா அம்மா?"

"தெரியும் தம்பி."

அவளுடைய குரலில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பெண் இப்போது பரிசோதகரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் நீட்டியிருந்த கோப்பையைச் சற்றுத் தாழ்த்தினார்.

"மன்னிச்சுக்கங்க அம்மா. எனக்குச் சொல்லல்ல."

"நீங்க என்ன செய்யிற. இது வளர எத்தினை நாள் செல்லும்?"

"ஒரு கிழமை... கூடக்குறையலாம்."

"ஒரு கிழமை." சின்னத்தங்கம் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இது நான் வளத்தது."

நல்லரத்தினம் சைக்கிளில் வந்து சேர்ந்தது அந்த வேளையில்தான். முழங்கால் வரை வயற்சேறு காய்ந்திருந்தது. சரிவில் நால்வர் நிற்பதைக் கண்டு சைக்கிளைப் படலையோடு சாய்த்துவிட்டு ஓடிவந்தார். அவர் வந்தபோது சின்னத்தங்கம் மண் பைகளை ஒவ்வொன்றாக இழுத்து எறிந்துகொண்டிருந்தாள். அவள் தறப்பாளின் ஒரு நுனியைப் பிடிக்க, அவர் மறு நுனியைப் பிடித்தார். தேங்கிய நீர் ஒரே மூச்சில் சரிந்து மணலில் இறங்கிப் போயிற்று. பரிசோதகர் கடதாசியில் ஏதோ எழுத எடுத்தவர், எழுதாமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூவரும் படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

சின்னத்தங்கம் கயிற்று முடிச்சொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது நீங்க போட்ட முடிச்சு."

நல்லரத்தினம் அருகே வந்து முடிச்சைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும். நான் இடப்பக்கத்தால சுத்துவன். நீங்க வலப்பக்கத்தால. தெரிஞ்சுதான் சும்மா இருந்தன். பிள்ளைட வேலைய நீங்க செய்யிறீங்க எண்டு விட்டன்."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு தோணிக்குள் ஏறினாள். பலகைகள் அவளுடைய காலடியில் உலர்ந்து, தெளிந்து ஒலித்தன. அணியத்தருகே முழங்காலிட்டு மூடியைத் தூக்கினாள். மூடி எதிர்ப்பில்லாமல் இலேசாக வந்தது. அந்த இலேசிலேயே அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கரிப் பொட்டலத்தை எடுத்து விளிம்பில் வைத்தாள். சட்டையை எடுத்தாள். முகத்தில் பொத்திக்கொண்டாள்.

நல்லரத்தினம் கீழே நின்றார். வாவியில் தூரத்தே யாரோ வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோணி விளிம்பில் தட்டும் ஒலி நீர்மேல் வந்தது. அவளுடைய தோள்கள் ஒரு தடவை உயர்ந்தன. மறுபடி உயர்ந்தன. அவள் அழவில்லை; மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பட்டி, கக்கம், கைமடிப்பு, மறுபடி கழுத்துப் பட்டி.

"ஆர் இத வெளியில எடுத்த?"

"நான்தான். பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தது, தங்கம். கழுத்தெல்லாம் வெள்ளையா... வெயில்ல போட்டன். நாலு நாள். கரியும் வெச்சன், மறுபடி பிடிக்காம." அவர் நிறுத்தினார். ஏன் கேட்கிறாள் என்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவளுடைய முகத்தையும், அவள் சட்டையைப் பிடித்திருந்த விதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெரிந்தது. அவருடைய கை தோணியின் விளிம்பைப் பற்றிக்கொண்டது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"என்னெண்டு சொல்ற? கழுவாத சட்டைய வெச்சு மணந்துகொண்டிருக்கன் எண்டா?"

அவள் தொடர்ந்தாள். "தறப்பாளத் திறப்பீங்க எண்டு தெரியும். பெட்டியத் திறப்பீங்க எண்டு நினைக்கல்ல."

பூவரசிலிருந்து மிஞ்சிய மழைத்துளிகள் தோணிக்குள் விழுந்து, உலர்ந்த பலகையில் கறுத்த வட்டங்களை உண்டாக்கின. சின்னத்தங்கம் சட்டையை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு ரெண்டு நாளா மூக்கடைப்பு. நீங்க ஒருக்கா மணந்து பாருங்க."

அவளுக்கு மூக்கடைப்பு ஏதும் இல்லை என்பதை அவளுடைய குரலே சொல்லியது. நல்லரத்தினம் சேற்றுக் கைகளைச் சாறத்தில் துடைத்துவிட்டுச் சட்டையை வாங்கினார். மகன் போன பிறகு இதுவரை செய்யத் துணியாததைச் செய்தார். முகத்தருகே கொண்டுவந்தார். உலர்ந்த துணி. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை; சேறு இல்லை, எண்ணெய் இல்லை, பூஞ்சணம்கூட இல்லை. கரி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அவர் கண்களை மூடி, நெடுநேரம் மூச்சை உள்ளே வைத்திருந்தார்.

"இருக்கு" என்றார்.

சின்னத்தங்கம் அவரையே பார்த்தாள்.

"கொஞ்சமா. கழுத்துப் பக்கம். இருக்கு தங்கம்."

"அப்ப நீங்களே வெச்சிருங்க" என்றாள் அவள். தோணியிலிருந்து இறங்கி, வளவின் சரிவில் ஏறி, வீட்டுக்குள் போனாள்.

அவர் அந்தச் சட்டையோடு நின்றார். வீட்டுக்குள் கொண்டுபோனால் கழுவ வேண்டும். அது அவருக்கும் தெரிந்த முறைதான். கழுவுவதற்கு அதில் இப்போது ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். அதைச் சொல்வதற்கான வழியை அவரே சற்று முன்னர் அடைத்துவிட்டார். தோளில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எண்ணினார். முடியவில்லை. கடைசியில் அதைச் சுருட்டி, மகன் அன்று பகல் திணித்தது போலவே, அணியப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடினார். கரிப் பொட்டலத்தை எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தார்.

பிறகு நீளமான கமுகங் கம்பொன்றைத் தேடிக் கொண்டுவந்து தோணியின் நடுவால் முகடாகக் கட்டத் தொடங்கினார். இனி அதை மறைக்க வேண்டியதில்லை. தன்னுடைய முடிச்சையே போட்டார். பின்பக்கத்தில் கட்டி முடித்து நிமிர்ந்தபோது சின்னத்தங்கம் மறுபடி இறங்கி வருவது தெரிந்தது. கையைப் பொத்தி வைத்திருந்தாள். அவரைக் கடந்து அணியத்துக்குப் போய், ஒரு விரலால் மூடியைச் சற்றே உயர்த்தி, சாமித் தட்டிலிருந்து கொண்டுவந்த சிரட்டைத் துண்டை இடையில் செருகினாள். மூடி அதன்மேல் தங்கியது; அரை விரல் இடைவெளி விட்டது.

"ம், தூக்குங்க" என்று தறப்பாளின் ஒரு நுனியை எடுத்துக்கொண்டாள்.

அவர் மறு நுனியைத் தூக்கினார்.